ஒரு மணி நேரத்தின் சரித்திரம்

குழந்தைகள் வீடியோ விளையாட்டு ஆடலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், கடைசியில் யாராவது ஒருவர், "ஆடட்டும், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். அதென்ன ஒரு மணி நேரம்? முக்கால் மணியாக இருந்தால் ஆகாதா? ஒன்றேகால் மணியானால் குடி முழுகிப் போய்விடுமா? இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று தேடிப் பார்க்கலாம் என்று புறப்பட்டேன். அந்தத் தேடல் என்னை ஜப்பான் தேசத்தில் கொண்டுபோய் விட்டது.

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ தீவு இருக்கிறது. அதன் தலைநகரான ஸப்போரோவில் ஹட்ஸன் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1973-ல் ரேடியோப் பிரியர்களுக்குச் சாமான் விற்கும் கடையாக ஆரம்பித்து, பிறகு கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிப்பதில் இறங்கிய கம்பெனி. 1985-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் இந்தக் கம்பெனியார் ஊர் ஊராகச் சென்று சிறுவர்களுக்கு 'ஸ்டார் ஃபோர்ஸ்' என்ற விளையாட்டில் போட்டி நடத்தினார்கள். போட்டி மேடையில் நின்றவர் தகஹாஷி தோஷியுகி என்னும் 26 வயது வாலிபர். ஹட்ஸனில் சேருவதற்கு முன்னால் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். மேடைக்கு வந்த பிறகு அவர் 'தகஹாஷி மெய்ஜின்' ஆனார். 'மெய்ஜின்' என்பது ஜப்பானியச் சதுரங்கத்தில் கரை கண்டவர்களுக்குக் கொடுக்கும் பட்டம். நம் ஊரில் சங்கீத வித்துவான் என்று மரியாதையாகச் சொல்வது போல. அவருடைய வித்தை, பொத்தானை ஒரு விநாடியில் 16 தடவை அழுத்துவது! சிரிக்காதீர்கள். 1986-ல் அவரை வைத்து ஒரு சினிமாவே எடுத்து வெளியிட்டார்கள். பொத்தானுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து ஏமாற்றியதற்காக அவரைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடையே ஒரு வதந்தி கிளம்பி, தேசம் முழுதும் பரவியது. வதந்தி கிளம்பும் அளவுக்குப் புகழ் வந்துவிட்டால் அப்புறம் பட்டம் எதற்கு?

அந்த முதல் சுற்றுப்பயணத்தில், தெற்கே ஃபுகுவோகா நகரில், கூடியிருந்த பையன்களைப் பார்த்து அவர், 'விளையாட்டு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்' என்று சொன்னார். பையன்களுக்குப் பின்னால் அவர்களுடைய பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விளையாட்டை விற்கும் கம்பெனியின் ஆளே இப்படிச் சொல்லலாமா என்று கம்பெனிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் மேலிடத்தார் யோசித்துப் பார்த்து, அதையே தங்கள் கோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் யோசித்ததற்குக் காரணம் இருந்தது. 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்த நாளிலிருந்து, காப்பி ஹோட்டல் மேஜையிலும் சூதாட்டக் கடைக்கு அண்டை வீட்டிலுமாக, 100 யென் நாணயத்தை விழுங்கும் யந்திரங்கள் ஜப்பானை நிறைத்துவிட்டன. பிள்ளைகள் கெட்டுப் போகும் இடம் என்று அவற்றுக்குப் பெயர். 1985 பிப்ரவரியில் விளையாட்டு நிலையங்களை, மதுக்கடைகளையும் கேளிக்கை விடுதிகளையும் கட்டுப்படுத்தும் அதே சட்டத்தின் கீழ்க் கொண்டு வந்தார்கள். இரவு 10 மணிக்குப் பிறகு 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடக் கூடாது. இது நடந்து சில மாதங்களுக்குள் வந்ததுதான் மெய்ஜினின் வாக்கு. ஆகவே அதில் பிள்ளைகள் மேல் கொஞ்சம் அக்கறையும், வியாபாரத்தின் மேல் கொஞ்சம் அக்கறையும் கலந்திருந்தன என்று சொன்னால் அவரை நான் குறைத்துப் பேசியதாக ஆகாது. கலப்பில்லாத உபதேசம் உலகத்தில் ஏது?

ஆனால் பையன்கள் அவர் பேச்சைக் கேட்டார்கள். முழுக்கக் கேட்டார்களோ என்னவோ, காதில் போட்டுக்கொண்டார்கள். ஏன்? அவர் அவர்களைக் காட்டிலும் நன்றாக ஆடத் தெரிந்தவர். 'ஸ்டார் ஃபோர்ஸ்' பக்கமே தலை வைத்துப் படுக்காத உபாத்தியாயர் ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், அது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போயிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1983-ல் நிண்டெண்டோ கம்பெனி 14,800 யென் விலைக்கு விற்ற யந்திரத்தின் பெயரே 'குடும்பக் கம்ப்யூட்டர்'. அதன் இரண்டு கைப்பிடிகளும் குட்டைக் கயிற்றால் யந்திரத்தோடேயே பிணைக்கப்பட்டிருந்தன. யந்திரத்தை டெலிவிஷனோடு இணைக்க வேண்டும். டெலிவிஷன் கூடத்தில் இருந்தது. கூடத்தில் தகப்பனாருக்கு பேஸ்பால் ஆட்டம் பார்க்க வேண்டும், பாட்டிக்கு நாடகம் பார்க்க வேண்டும். பையன் ஒரு மணிக்கு மேல் ஆடினால் குரல் கொடுக்க நாலு பேர் இருந்தார்கள். என்ன ஆடுகிறான், தோற்றால் எப்படி முகம் சிவக்கிறான், தம்பிக்கு முறை கொடுக்கிறானா என்பதெல்லாம் காய்கறி நறுக்குகிறவள் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மணி என்ற கணக்கைக் கடிகாரம் மட்டுமா பார்த்தது? ஒரு வீடே பார்த்தது.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1988 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஒரு புதன்கிழமை, 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகம் கடைக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் போலீஸார் அழைத்துப் புத்தி சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. இனி வேலை நாட்களில் வெளியிடக் கூடாது என்று சட்டமே செய்துவிட்டார்கள் என்று வெளிநாடுகளில் ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான்; சட்டம் மட்டும் கிடையாது.

பிறகு விளையாட்டின் பொருளாதாரமே மாறிப் போயிற்று. ஹட்ஸன் காலத்தில் பெட்டியை ஒரு தடவை விற்றால் வியாபாரம் முடிந்தது. வாங்கியவன் ஒரு மணி ஆடினால் என்ன, ஒன்பது மணி ஆடினால் என்ன? விளையாட்டு கைபேசிக்குள் குடியேறிய பின்பு, இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஆட ஆடக் காசு வாங்கும் தந்திரம் வந்தது. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் ஏதாவது ஒரு பொம்மை விழும் யந்திரங்கள் உண்டு. எந்தப் பொம்மை என்பது அதிர்ஷ்டம். அதே வித்தையைக் கைபேசி விளையாட்டில் புகுத்தி, இத்தனை படங்களும் சேர்ந்தால்தான் பெரிய பரிசு என்றார்கள். கடைசி ஒரு படத்துக்காகப் பிள்ளைகள் பெற்றோரின் பணத்தைக் கரைத்தார்கள். 2012 மே மாதத்தில் ஜப்பானிய நுகர்வோர் இலாகா, படச்சீட்டுகளைச் சேர்த்தால் பரிசு என்னும் வியாபாரத்தைத் தடுக்கும் பழைய விதி ஒன்றை எடுத்துக் காட்டி, இந்த முறை சட்ட விரோதம் என்று சொல்லி நிறுத்தியது. அமெரிக்காவிலும், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனி, குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்தது பற்றியும் தெரியாமலே பணம் செலவாகும்படி பொத்தான்களை அமைத்தது பற்றியும் எழுந்த வழக்குகளில், 2022-ல் 52 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. 'ஒரு மணியோடு நிறுத்து' என்று சொல்லும் மெய்ஜின் இப்படிப்பட்ட கம்பெனிகளில் எப்படி உருவாக முடியும்?

என் தங்கை மகளுக்கு ஆறு வயதில் ஒரு பையன். "மாமா, எத்தனை நிமிஷம் விடலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள், அதோடு நிறுத்திவிடுகிறேன்" என்று ஒரு நாள் கேட்டாள். "நீ அவனோடு உட்கார்ந்து ஒரு ஆட்டமாவது ஆடிப் பார்த்திருக்கிறாயா?" என்றேன். "நன்றாகக் கேட்டீர்கள்! அவன் ஆடுகிற நேரத்தில்தான் நான் சமையலை முடித்து, ஆபீஸ் கடிதங்களுக்குப் பதிலும் எழுதுகிறேன்" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பாட்டியும் அத்தையும் நாலு வீட்டுத் திண்ணையும் சேர்ந்து பார்த்துக்கொண்ட வேலையை இன்று ஒரு கைபேசி பார்க்கிறது. பறித்துக்கொள் என்று சொல்வது சுலபம். பறித்த பின் அந்த ஒரு மணிக்குப் பையனை யாரிடம் விடுவது என்று அவள் திருப்பிக் கேட்டால், சொல்கிறவர்கள் எத்தனை பேர் முன் வருவார்கள்? இருந்தாலும், அவன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஆடும் அரை மணியைவிட, அவள் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்டுக்கொண்டே ஆடும் ஒரு மணி மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். முகம் அவ்வளவாக மலரவில்லை.

இன்னும் சின்னக் குழந்தைகளின் விஷயம் வேறு. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ல் சொன்னது இது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு மணிக்கு மேற்படாமல் இருக்கட்டும், குறைந்தால் நல்லது. இங்கேயும் அதே ஒரு மணி! ஆனால் அதே அறிக்கையில், இந்த வயதுக் குழந்தைகள் தினம் மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த மூன்று மணியை எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தடுப்பது சுலபம், ஓடவிட இடம் வேண்டுமே!

இந்த ஒரு மணி சட்டப் புத்தகத்திலும் ஏறிய கதையைச் சொல்ல வேண்டும். ஷிகோகு தீவில் ககாவா என்ற சின்ன மாகாணம். கோதுமை நூடுலுக்குப் பெயர் போனது. 2020 ஏப்ரலில் அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நாளில் 60 நிமிஷம், விடுமுறை நாளில் 90 நிமிஷம் ஆடலாம். இதைப் பெற்றோர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். மீறினால் தண்டனை? ஒன்றும் கிடையாது. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், இது எங்கள் வீட்டு விவகாரம், மாகாணம் தலையிடலாமா என்று தாயாரோடு சேர்ந்து வழக்குப் போட்டான். 2022 ஆகஸ்டில் தகமட்சு கோர்ட்டு, அந்த விதி பெற்றோர்கள் முயல வேண்டிய ஒரு வழிகாட்டிதான் என்ற கருத்தில் வழக்கைத் தள்ளிவிட்டது. பையன் தோற்றான், ஆனால் 60 நிமிஷத்தை எண்ண வேண்டிய கை வீட்டாருடையது என்பதை மட்டும் கோர்ட்டு வாயாலேயே சொல்ல வைத்துவிட்டான்.

சீனாவில் இந்த மென்மையெல்லாம் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து, 18 வயது ஆகாதவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை இணைய விளையாட்டு ஆடலாம். பிள்ளைகளை வடிகட்ட, டென்சென்ட் கம்பெனி முகத்தைப் பார்த்து ஆளை அறியும் கருவியை வைத்தது. அந்தச் சமயத்தில், 60 வயது மூதாட்டியின் பெயரில் உள்ள கணக்கு ஒன்று அதிகாலை மூன்று மணிக்கு எதிரிகளைத் துவம்சம் செய்துகொண்டிருந்தது என்று பெரிய பரபரப்பு. பேரன்தான் பாட்டி வேஷம் போடுகிறான் என்று தேசமே சிரித்தது. கம்பெனி விசாரித்துவிட்டு, அந்தக் கணக்கு முகச் சோதனையில் பல முறை தேறியிருக்கிறது என்று பதில் சொன்னது. ஒன்று, அந்தப் பாட்டி வீராங்கனையாக இருக்க வேண்டும். அல்லது தூக்கக் கலக்கத்தில் பேரனுக்கு முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும் நல்ல பாட்டியாக இருக்க வேண்டும்.

தென் கொரியா சீனாவுக்கு முன்னோடி. 2011 நவம்பரில், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். ஸிண்ட்ரெல்லா சட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் பெற்றோரின் பதிவு எண்ணைப் போட்டு ஆடினார்கள். கைபேசி விளையாட்டுகள் சட்டத்துக்கு வெளியே இருந்ததால் அங்கே குடி பெயர்ந்தார்கள். 2021-ல் வேடிக்கை உச்சத்துக்கு வந்தது. கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் 'மைன்க்ராஃப்ட்', குழந்தைகள் கொண்டாடும் விளையாட்டு. நள்ளிரவில் பிள்ளைகளை மட்டும் பிரித்து நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்ய அதன் கம்பெனி முன் வராமல், கொரியாவில் அதைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது! பெற்றோர்களே கூக்குரல் எழுப்பினார்கள். 2022 ஜனவரி முதல் தேதியோடு அந்தச் சட்டம் போயிற்று. பத்து வருஷம் சர்க்காரின் கையில் இருந்த கடிகாரத்தில் இப்போது மிஞ்சியிருக்கும் ஏற்பாடு ஒன்றுதான். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ, அவனைப் பெற்றவர்களோ கேட்டுக்கொண்டால், அவர்கள் குறிப்பிடும் நேரத்தில் கம்பெனி விளையாட்டை நிறுத்திக் கொடுக்கும். எந்த நேரம், எத்தனை மணி என்பதைச் சர்க்கார் சொல்வதில்லை.