சிக்கலான உறுப்பு வலி நோய்: மருந்து சிகிச்சையின் வரலாறு

கையிலோ காலிலோ அடிபட்டு, எலும்பு கூடி, புண் ஆறிய பிறகும் தணியாத எரிவலி. கூடவே வீக்கம், தோலின் நிறமாற்றம், வியர்வை, மூட்டு இறுக்கம். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கும், பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கும் இது வருவதுண்டு. சட்டைத்துணி உரசினாலே துடித்துப்போவார்கள். இந்தச் சிக்கலான உறுப்பு வலி நோயை மருத்துவர்கள் சுருக்கமாக சிஆர்பிஎஸ் என்பர். இப்பெயர் 1994இல் நிலைபெற்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இந்நோயைக் கண்டு 1864இல் விரிவாக எழுதியவர் சைலஸ் வேர் மிட்செல். எரிச்சல் தாளாமல் அவர்கள் கையை ஓயாமல் நனைத்துக்கொண்டே இருந்தனர். கிடைத்த மருந்து மார்ஃபின் ஊசி. 1900இல் ஜெர்மனியின் பால் சூடெக், பாதித்த எலும்பு மெலிவதை எக்ஸ்ரேயில் காட்டினார். பரிவு நரம்புகளே காரணம் என்ற கருத்து 1916இல் ரெனே லெரிஷால் வலுப்பெற்று, பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அந்நரம்புகளை முடக்க 1974இல் அறிமுகமான குவானெதிடின் ஊசிமுறை அதன் விளைவே. பின்னாளைய ஒப்பீட்டு ஆய்வுகளில் அது வெறும் உப்புநீரை விஞ்சவில்லை.

தொடக்க நிலையில் நடப்பது அழற்சி என்று தெளிந்தபின் ஸ்டீராய்டு முன்னுக்கு வந்தது. இதில் இந்தியாவின் பங்கு பெரிது. பக்கவாதத்துக்குப் பின் இந்நோய் கண்ட 60 பேரை லக்னோ மருத்துவர்கள் இரு பிரிவாக்கி, 2006இல் முடிவை வெளியிட்டனர். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெற்ற 30 பேரில் 25 பேர் தேறினர். பைராக்ஸிகாம் என்ற வலிநிவாரணி பெற்ற 30 பேரில் 5 பேரே. பிரெட்னிசோலோனை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என இரு வாரம் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். விலை மலிந்த, பழகிய மாத்திரை அது. சர்க்கரை நோயாளிக்குக் கண்காணிப்புடனேயே தர வேண்டும்.

எலும்புத் தேய்வைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளும் வலியைக் குறைக்கின்றன. நெரிட்ரோனேட் குறித்த இத்தாலிய ஆய்வு 2013இல் வந்தது. காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை நரம்பு வலிக்காகத் தரப்படுகின்றன. கீட்டமின் சில வாரங்களுக்கு வலியைத் தணித்தாலும் கையின் இயக்கத்தை மீட்கவில்லை என்று 2009இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வு காட்டியது.

கடலூர் மாவட்டத்தில் எலும்பு முறிவும் பக்கவாதமும் பெரும்பாலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரிக்கும் வந்துசேர்கின்றன. பின்னது 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியானது. லக்னோவில் சோதித்த மாத்திரைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது முதல் சில வாரங்களில் நோயை இனங்காண்பதே. 'கட்டுப் பிரிச்சும் கை எரியுது, விரலை மடக்க முடியல' என்று ஒருவர் சொல்லும்போது அதைப் பயமென்றோ நடிப்பென்றோ தள்ளிவிட்டால், ஸ்டீராய்டு வேலை செய்யும் காலம் கடந்துவிடும். நாட்டுக்கட்டை இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் விரலை அசைக்காமல் விடுவதும் இறுக்கத்தைக் கூட்டும்.

எந்த மருந்தானாலும் அது வலியைத் தணிப்பது விரல்கள் அசையத்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார்; மாத்திரையால் வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் மூட்டை மெல்ல மடக்கி நீட்டப் பழக்குவார்.