துளைகளைச் சொல்லாத பத்திரம்

ஒரு கண்டுபிடிப்பின் பிறந்த ஆண்டு எது என்று கேட்டால், பெரும்பாலும் அது உரத்துப் பேசப்பட்ட ஆண்டையே சொல்கிறோம். மருந்து சுமக்கும் நுண்துளைச் சிலிக்காவின் கதையும் அவ்வாறே. நூல்கள் குறிப்பது 1992ஐத்தான். அவ்வாண்டு அமெரிக்காவின் மொபில் எண்ணெய்க் கம்பனியைச் சேர்ந்த கிரெஸ்கியும் சகாக்களும் 'நேச்சர்' சஞ்சிகையில் எம்.சி.எம்.-41 என்ற பொருளை அறிவித்தனர்.

அவர்கள் தேடியது மருந்தையல்ல, பெற்றோலியத்தை. எண்ணெய் சுத்திகரிப்பில் பயன்பட்ட சியோலைற்றுகளின் துளைகள் ஏறக்குறைய ஒரு நனோமீற்றர் அகலமே கொண்டவை. பெரிய மூலக்கூறுகள் அவற்றுள் நுழையமாட்டா. ஆகவே சவர்க்காரத்தை ஒத்த மூலக்கூறுகளை நீரில் இட்டனர். அவை கோல்களாகத் திரண்டு அணிவகுக்க, அவற்றைச் சுற்றிச் சிலிக்கா இறுகியது. பின்னர் சூடாக்கிக் கோல்களை எரித்துவிட, எஞ்சியது தேன்வதை போன்ற அமைப்பு. துளைகளின் அகலம் 2 முதல் 10 நனோமீற்றர். ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு ஆயிரம் சதுர மீற்றர் அளவில், அதாவது கால் ஏக்கர் காணி!

ஆனால் 1990இலேயே ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் குரோடாவும் சகாக்களும் இத்தகைய துளைகளை உருவாக்கி வெளியிட்டிருந்தனர். அதற்கும் முன்னதாக, 1971இல், மின்விளக்குகளுக்குப் பேர்பெற்ற சில்வேனியா கம்பனி ஓர் அமெரிக்க ஆக்கவுரிமைப் பத்திரத்தைப் பெற்றிருந்தது. அடர்த்தி குறைந்த சிலிக்காத் தூள் செய்யும் முறை என்பதே அதன் பொருள். 1997இல் பிரான்சில் டி ரென்சோவும் சகாக்களும் அப்பத்திரத்தின்படியே செய்து பார்த்தபோது கிடைத்தது எம்.சி.எம்.-41 போன்ற அதே பொருள்! தூள் இலேசாக இருந்ததைக் கண்டவர்கள், அது ஏன் இலேசாக இருந்தது என்று கேட்கவில்லை. செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே தலைப்பைத் தவறவிட்ட நிருபர்களை நான் அறிவேன். ஆதலால் இவர்களைக் குறைகூற மனம் வரவில்லை.

மருந்துக்கும் இத்துளைகளுக்கும் முடிச்சுப் போட்டவர் ஸ்பெயினின் மரியா வலெட் ரெகி. 2001இல் மட்ரிட்டில் அவரது குழு வலிநிவாரணியான இபுபுரோஃபெனைத் துளைகளில் நிரப்பியது. உடற்பாய்மத்தை ஒத்த திரவத்தில் அது சிறிது சிறிதாகவே வெளியேறியது.

எனினும் திறந்த துளை ஒழுகும் பானையே. அதற்கு மூடி போட்டவர் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விக்டர் லின். 2003இல் அவரது குழு சுமார் 200 நனோமீற்றர் கோளங்களில் வன்கோமைசினையும் உயிர்மூலக்கூறான ஏ.ரி.பி.யையும் அடைத்து, துளைவாய்களைக் கட்மியம் சல்பைட்டுத் துகள்களால் மூடியது. குறித்த இரசாயனம் பட்டதும் பிணைப்பு அறுந்து மூடி திறக்கும். கட்மியம் நஞ்சு என்பதால், தங்கம் முதலிய வேறு மூடிகள் பின்னர் வந்தன.

மனித உடலை எட்டியது மிகத் தாமதமாகத்தான். 2016இல், இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பெனோஃபைபிரேற் மருந்தை இத்தகைய சிலிக்காவில் ஏற்றி, ஆரோக்கியமான தொண்டர்களுக்குக் கொடுத்த ஆய்வு வெளியாகியது. அதுவும் ஊசி மூலமன்று, வாயால் விழுங்கியே.