ஏழு ஆண்டுப் பிழை: பனி உள்ளகக் காலக்கணிப்பில் சான்றும் சுழல்வாதமும்

துருவப் பனியிலிருந்து துளைத்தெடுக்கப்படும் உள்ளகங்கள் பழங்காலத் தட்பவெப்பத்தின் நேர்சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் எது காரணம், எது விளைவு என்று தீர்ப்பது நிகழ்வுகளின் முன்பின் வரிசை. அந்த வரிசையைக் காலக்கணிப்பே தருகிறது. ஆகவே காலத்தைப் பிணைக்கும் குறிகள், விளக்க எடுத்துக்கொண்ட தட்பவெப்பத்தைச் சாராதவையாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிரீன்லாந்துப் பனியில் தூசியும் சோடியமும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதமும் பருவத்துக்கேற்ப ஏறி இறங்குகின்றன. அதனால் ஆண்டு அடுக்குகளை மேலிருந்து கீழாக எண்ணிச் செல்லலாம். ஐயத்துக்குரிய அடுக்குகள் சேரச் சேர எண்ணிக்கைப் பிழையும் பெருகும். அதைக் கட்டுப்படுத்த, ஆண்டு தெரிந்த எரிமலை வெடிப்புகளின் படிவுகள் துணையாகின்றன. ஜிஐசிசி05 என்னும் கிரீன்லாந்துக் காலவரிசையில் ஒரு படிவு கி.பி. 79இன் வெசூவியஸ் வெடிப்பைச் சேர்ந்தது என்று கொள்ளப்பட்டது.

இங்கேதான் முரண் எழுந்தது. கி.பி. 536இல் சூரியன் ஒளி குன்றியதை வரலாற்றாசிரியர் பிரோக்கோப்பியஸ் பதிவு செய்திருக்கிறார். மர வளையங்களும் அவ்வாண்டிலும் 541இலும் கடுங்குளிரைக் காட்டுகின்றன. பனியிலோ எரிமலை வெடிப்புகளின் பெரும் சல்பேட் படிவுகள் 529, 533 ஆகிய ஆண்டுகளை ஒட்டி அமைந்தன. வெடிப்புக்கும் குளிருக்கும் இடையே விளக்க முடியாத இடைவெளி! பனியின் காலவரிசையை ஏழு ஆண்டு அண்மைக்கு நகர்த்த வேண்டும் என்று மர வளைய ஆய்வாளர் மைக் பெய்லி 2008இல் முன்மொழிந்தார்.

அவர் கணிப்பு சரியே. ஆயினும் அதில் ஒரு தருக்கச் சிக்கல் இருந்தது. எரிமலையே குளிருக்குக் காரணம் என்று கொண்டு படிவுகளைக் குளிராண்டுகளோடு பொருத்திவிட்டால், அந்தப் பொருத்தத்தையே காரணத்துக்குச் சான்றாகக் காட்ட இயலாது. நிறுவ வேண்டியதை முன்னரே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

இந்தச் சுழலை உடைத்த சான்று விண்வெளியிலிருந்து வந்தது. 774–775இல் கார்பன்-14 திடீரென உயர்ந்ததை, ஜப்பானிய தேவதாரு மர வளையங்களில் ஃபூசா மியாகே குழுவினர் 2012இல் கண்டறிந்தனர். வளிமண்டலத்தைத் தாக்கும் உயர்ஆற்றல் துகள்கள் கார்பன்-14ஐயும் பெரிலியம்-10ஐயும் உண்டாக்குகின்றன. முன்னது மரத்தில் சேர்கிறது. பின்னது பனியில் படிகிறது. மைக்கேல் சிகிலும் அவருடன் உழைத்தோரும் 2015இல் அதே நிகழ்வின் பெரிலியம் உச்சத்தைப் பனியில் இனங்கண்டனர். பழைய கிரீன்லாந்துக் காலவரிசைப்படி அது 768இல் விழுந்தது. பிழை ஏழு ஆண்டு என்பது தட்பவெப்பத்தைத் துணைக்கு அழைக்காமலே உறுதியாயிற்று. திருத்திய கணக்கில் படிவுகள் 536, 540 ஆண்டுகளுக்கு வந்தன. கி.மு. 500 முதல் கி.பி. 1000 வரையிலான 16 மிகக் குளிர்ந்த கோடைகளில் 15, பெரும் வெடிப்புகளை அடுத்தே வந்தவை என்பதும் தெளிவாயிற்று.

அடுக்குகளை மேலும் கவனமாக எண்ணினால் எண்ணிக்கைப் பிழை குறையும். வெசூவியஸ் பிணைப்பைப் போன்ற தவறான பிணைப்பால் வரும் பிழை அவ்வாறு குறையாது. கவனமான எண்ணிக்கையும் அந்தத் தவறுக்கு இசைந்தே அமைந்துவிடும். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் லஷாம்ப் காந்தப்புலத் தளர்வின்போது உயர்ந்த பெரிலியம்-10, கிரீன்லாந்து, அண்டார்க்டிகா உள்ளகங்களை இணைக்க உதவுவதும், தட்பவெப்பத்தைச் சாராத குறி என்னும் அடிப்படையில்தான். இரு துருவங்களில் எது முதலில் வெப்பமடைந்தது என்று பேசும் எந்த ஆய்வும், தன் பிணைப்புப் புள்ளிகள் எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டவை என்பதை முடிவுக்கு முன்பே வெளிப்படையாக வைக்க வேண்டும்.