வதிக்கு மேற்கே, வாய்க்காலுக்கு வடக்கே

மானாம்பதி பக்கம் யாராவது புது வீடு கட்ட ஆரம்பித்தால் முதல் நாள் வேலை அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். பூமி பூஜை முடிந்ததும் மேஸ்திரி நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுவார். ஒரு மூலையிலிருந்து இந்தப் பக்கம் 3 அடி, அந்தப் பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே சரியாக 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை சரி. குறுக்கு அளவு இரண்டும் சமமா என்று டேப் பிடித்துவிட்டு, கடைக்கால் தோண்டச் சொல்லிவிடுவார். மட்டம் பார்க்க டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான் கருவி!

இதே வேலையைத்தான் சிவில் படிக்கும் நாங்கள் டம்பி லெவல், தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் என்று செமஸ்டர் முழுக்கப் படிக்கிறோம். சர்வே என்பதே வெள்ளைக்காரன் கொடுத்தது என்று வகுப்பில் ஒரு கட்சி. எல்லாமே நம்மிடம் முன்பே இருந்தது என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி உண்மைதான். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்தில் இருக்கும் உத்திரமேரூர் போதும்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. ஆனால் அந்த ஊரில் நிலம் விற்றது, தானம் கொடுத்தது பற்றிய கல்வெட்டுகளும் ஏராளம். எனக்கு அவைதான் சுவாரசியம். அவற்றில் ஒரு வயலை எப்படி அடையாளம் சொல்கிறார்கள் தெரியுமா? இன்ன வதிக்கு மேற்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாவது கண்ணாறு, அதில் இத்தனையாவது சதுக்கம். வதி என்பது வடக்கு தெற்காக ஓடும் பாதை. வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும். கண்ணாறு அதிலிருந்து பிரியும் சிறிய கால். கிராஃப் பேப்பரில் எக்ஸ், ஒய் குறிப்பது போலத்தான் இது. பூமியிலேயே கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கட்டம் போட இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று திசை, இன்னொன்று மட்டம். திசை தவறினால் சதுக்கம் கோணலாகும், அவ்வளவுதான். மட்டம் தவறினால் கடைசி வயலுக்குத் தண்ணீரே போகாது. பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தை நம்பி இருந்த ஊர் அது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது.

திசை பார்க்கும் வழியை மயமதம் போன்ற சிற்ப நூல்கள் சொல்கின்றன. முதலில் தண்ணீர் விட்டு நிலத்தைச் சமமாக்க வேண்டும். நடுவில் சங்கு என்ற முளையை நட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் முளையின் நிழல் குறுகிக்கொண்டே வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மாலையில் நிழல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு தயார். அந்த இரண்டு புள்ளிகளையும் மையமாக வைத்துக் கயிற்றால் வில் வரைந்தால் நடுவில் மீன் போல ஒரு வடிவம் கிடைக்கும். அதன் தலையையும் வாலையும் சேர்த்தால் வடக்கு தெற்கு. (காந்த ஊசி உண்மையான வடக்கைக் காட்டாது, சற்று விலகித்தான் நிற்கும். இந்த முளைக்கு அந்தக் கோளாறு கிடையாது!) காலைக்கும் மாலைக்கும் நடுவே சூரியன் கொஞ்சம் வடக்கோ தெற்கோ நகர்ந்துவிடுவதால் சிறு பிழை வரும். ஆனால் வீட்டுக்கும் கோயிலுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் குறை எங்கே? அளவில். பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல் என்று கல்வெட்டுகளில் பல கோல்கள் வருகின்றன. ஊருக்கு ஊர் கோல் மாறும். ஊருக்குள் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் இரண்டு ஊரை ஒரே தாளில் வரைய முடியாது.

அதைத்தான் வில்லியம் லாம்டன் செய்தார். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே தொடங்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். கருவி, 100 அடி இரும்புச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது! வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, திருத்தம் போட்டு அளந்தார்கள். 10 டிகிரி சூடு ஏறினால் 100 அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்தான் நீளும். அதைக்கூட விடவில்லை. பிறகு சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டால் மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் கோணம் பார்த்து முக்கோணங்களாகவே நகர்ந்தார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்டன் மனம் தளராமல் தானே உட்கார்ந்து சரி செய்தார்.

அதற்கும் முன்பே, 1794ல், மைக்கேல் டாப்பிங் முயற்சியால் சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கியாயிற்று. அதன் வழி வந்ததுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. கட்டட வேலையில் எல்லோருக்கும் பழக்கமான டம்பி லெவல் வந்தது 1832ல், வில்லியம் கிராவட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரால்.

சரி, 30க்கு 40 மனைக்கு இதெல்லாம் எதற்கு? மனைக்கு உள்ளே மட்டும் என்றால் தேவையே இல்லை. டியூபில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதன் மட்டம் டம்பி லெவலுக்குச் சளைத்ததல்ல. பிரச்சினை மனைக்கு வெளியே இருக்கிறது. எங்கள் பக்கம் எல்லாம் ஏரி ஊர்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கும் என்பதைக் கலங்கல்தான் தீர்மானிக்கிறது. மனைக்கும் கலங்கலுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருந்தால் டியூப் போய்ச் சேராது. மேஸ்திரி எதிரில் இருக்கும் ரோட்டைப் பார்த்து, அதற்கு மேல் இரண்டடி என்று பேஸ்மட்டம் வைக்கிறார். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயரும், கலங்கல் உயராது. 2015 மழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்தபோது, ரோட்டு மட்டத்தை நம்பிக் கட்டிய வீடுகள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டம்பி லெவலைக் கலங்கலில் இருந்து ஆரம்பித்து ஏழெட்டு இடத்தில் நிறுத்தினால் மனைக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் ஸ்டாஃபும் முன்னால் இருக்கும் ஸ்டாஃபும் கருவியிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கருவியின் பிழையும் பூமியின் வளைவும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். அந்த வளைவு கிலோமீட்டருக்கு 8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு காலைப் பொழுது வேலை இது. கடைக்கால் தோண்டும் முன்பே, அந்தக் கலங்கலை விட நம் வீட்டுத் தரை எத்தனை அடி மேலே இருக்கும் என்று நோட்டில் எழுதிவிடலாம்.