அஞ்சும் பூனைக்கு மருந்தா? வரலாறு தரும் விடை

பட்டாசுச் சத்தத்திலும் பயணத்திலும் நடுங்கி ஒடுங்கும் பூனைக்கு மருந்து வாங்குவது இஸ்ராஃப், அதாவது வீண்விரயம் ஆகாதா என்ற ஐயம் நம் இல்லங்கள் சிலவற்றில் எழுகிறது. வாயில்லா ஜீவனுக்குப் பசியும் காயமும் உண்டு; மனக்கலக்கமும் உண்டா என்பதே அதன் உள்ளிருக்கும் வினா. நம் வரலாற்றில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது.

மதீனாவில் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அவர்கள் அதன் காதருகே தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திய பின், அதைப் பட்டினி போட்டு வேலை வாங்கிய உரிமையாளரைக் கண்டித்தார்கள். இன்னொரு பயணத்தில், தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட்டதால் ஒரு தாய்ப்பறவை பதறித் தவித்தது. குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட்டார்கள். இவ்விரண்டும் அபூதாவூதில் இடம்பெற்றவை. தாய்ப்பறவையின் உடலில் காயம் ஏதுமில்லை. அதன் தவிப்பே போதிய காரணமாயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பூனைக்கோ நம் இல்லங்களில் தனி இடம் உண்டு. அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கு வைத்த தண்ணீரை நாடிப் பூனை வந்தபோது, அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அதனருகில் நின்ற மருமகள் கப்ஷா வியந்து பார்க்க, பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

பிற்கால அறிஞர்கள் இந்த இரக்கத்தைச் சட்டமாக வகுத்தனர். ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார். முதுமையாலோ நோயாலோ இனிப் பயன்படாத விலங்காயினும் அதற்குச் செலவு செய்வது உரிமையாளரின் கடமை என்பது அவற்றுள் ஒன்று. அதைத் துன்புறுத்தும் பிற விலங்குகளுடன் சேர்த்து வைக்கலாகாது என்பது மற்றொன்று. அவர் காலத்தில் எகிப்தை ஆண்ட சுல்தான் ளாஹிர் பைபர்ஸ், கெய்ரோவின் பூனைகளுக்கென ஒரு தோட்டத்தை வக்ஃப் செய்தார். அத்தோட்டம் பின்னர் கைமாறிப் போயினும், காழியின் மன்ற முற்றத்தில் பூனைகளுக்கு மாலைதோறும் உணவளிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் நீடித்ததை ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் பதிந்துள்ளார்.

கால்நடை மருத்துவமும் ‘பைத்தரா’ என்னும் பெயரில் தனிக் கலையாக வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவர் அபூபக்ர் இப்னு பத்ர் அதில் பெருநூல் இயற்றினார். விலங்குக்கு மருந்து என்பது நமக்குப் புதிதன்று; பூனையின் அச்சத்திற்கு மருந்து என்பதே புதிது. பயணத்தாலும் மருத்துவமனையாலும் பூனைக்கு உண்டாகும் அச்சத்தைத் தணிக்க, பிரிகாபலின் திரவ மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023இல் ஒப்புதல் அளித்தது.

ஆயினும் இரக்கத்திற்கு அறிவும் துணை நிற்க வேண்டும். பூனை ஒளிவதும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதும் சிறுநீர்ப்பை நோயாலும் நேரலாம். ஆதலின் கால்நடை மருத்துவரின் பரிசோதனையே முதற்படி. மனிதர் மாத்திரையை நாமாக உடைத்துக் கொடுப்பது பேராபத்து. ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். பல வேளைகளில், ஒளிந்துகொள்ள ஓர் அமைதியான மூலையும், துன்புறுத்தாத பிள்ளைகளுமே முதல் மருந்து.

ஆகவே, சக்திக்கு உட்பட்டு, மருத்துவரின் சொற்படி செய்யும் இச்செலவை வீண்விரயம் என நாம் கருத வேண்டியதில்லை. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுதலாகும். வாயில்லா உயிர்களின் தவிப்பை உணரும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.