மெட்ரிக்கிலிருந்து கட்-ஆஃப் வரை: மும்பைக் கலைக் கல்லூரிகளின் வாசல்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் பேச்சே மாறிவிடும். "உனக்கு சேவியர்ஸ் கிடைச்சுதா? எனக்கு ரூயா, அதுவும் செகண்ட் லிஸ்ட்லதான்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதை மாதுங்கா ரயில் நிலையத்துப் படிக்கட்டிலேயே கேட்கலாம். அரை மதிப்பெண்ணில் ஒருத்திக்கு வாசல் திறக்கிறது, பக்கத்து வீட்டுக்காரிக்கு மூடிக்கொள்கிறது. இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் என்றைக்குத் தொடங்கியது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை இம்மலர் வாசகர்களுக்கு வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன். கல்லூரி வாசலை வெளியில் நின்றே பார்த்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-ஆம் ஆண்டில் ஏற்பட்டவை. தொடக்கத்தில் அவை பாடம் நடத்தவில்லை, தேர்வு மட்டுமே நடத்தின. கல்லூரியில் சேர மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவுத் தேர்வைப் பல்கலைக்கழகமே வைத்தது. அதில் தேறிவிட்டால் போதும், எல்பின்ஸ்டன் ஆகட்டும் வில்சன் ஆகட்டும், இடம் உண்டு. அப்போது பஞ்சம் இடத்துக்கு அல்ல, தேறினவருக்குத்தான். பம்பாயில் 1862-இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர் நான்கே பேர். ரானடே, ஆர்.ஜி. பண்டார்கர் இருவரும் அதில் அடக்கம். சென்னையில் முதல் பி.ஏ. பட்டம் பெற்றவர் இருவர், அந்த இருவருமே யாழ்ப்பாணத்தார்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர்தான் ஏடுகளைத் தேடி 1889-இல் சூளாமணியை அச்சேற்றியவர். சமணக் காப்பியமான அந்நூல் இன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது அவர் புண்ணியம் என்பதால் இதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அக்கால மதிப்பெண்களை இக்காலக் கண்ணால் பார்த்தால் திகைப்பாக இருக்கும். காந்தியடிகள் 1887-இல் அகமதாபாத் மையத்தில் பம்பாய் மெட்ரிகுலேஷன் எழுதினார். பெற்றது 625-க்கு 247½. நூற்றுக்கு நாற்பதுகூட இல்லை. மாகாணத்தில் 404-ஆம் இடம். ஆனால் எழுதியவர் ஏறக்குறைய மூவாயிரம் பேர், தேறியவர் எண்ணூறுக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவரும் கல்லூரிகளை ஒப்பிட்டுத்தான் பார்த்தார். பம்பாயிலும் கல்லூரி உண்டு, பாவ்நகரிலும் உண்டு. பாவ்நகரில் செலவு குறைவு என்பதால் சாமல்தாஸ் கல்லூரியைத் தேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அன்று ஒப்பிட்டது கட்-ஆஃபை அல்ல, கைச்செலவை.

அண்ணல் அம்பேத்கர் 1907-இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிக் தேறினார். 750-க்கு 282, அதாவது நூற்றுக்கு 37.6. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட குலத்தில் ஒரு பிள்ளை தேறியதற்குப் பாராட்டுக் கூட்டமே நடந்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-இல் பி.ஏ. முடித்தார். அந்த 37.6-ஐ வைத்துக்கொண்டு இன்று மும்பையில் எந்தப் பெயர்பெற்ற கல்லூரியின் முதல் பட்டியலிலும் நுழைய முடியாது என்று சிலர் மேடையில் கைதட்டல் வாங்குகிறார்கள். அது சரியான ஒப்பீடு இல்லீங்க. அன்றைய 282 என்பது வாசலைத் தாண்டியதற்குச் சான்று, அவ்வளவுதான். இன்றைய 94 என்பது வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதற்குச் சான்று. இரண்டும் வேறு அளவுகோல். படியால் அளப்பதையும் முழத்தால் அளப்பதையும் ஒப்பிட்டு விலை சொல்ல ஒரு வியாபாரியால் முடியாது.

இடம் போதாத காலம் எப்படி வந்தது? ஒரு நகரத்தில் புதிது புதிதாக மக்கள் குடியேறும்போது, அவரவர் சமூகம் பள்ளியும் கல்லூரியும் கட்டிக்கொண்டது. மாதுங்காவையே எடுத்துக்கொள்வோம். 1932-இல் எம்.வி. வேங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். எஸ்.ஐ.இ.எஸ். என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு சிறு பள்ளியாக இருந்தது, 1960-இல் சயானில் கலை, அறிவியல் கல்லூரியாக வளர்ந்தது. 1937-இல் புனேயைச் சேர்ந்த சிக்ஷண பிரசாரக மண்டலி ரூயா கல்லூரியைத் தொடங்கியது. அதே ஆண்டில் சீக்கியர்கள் குருநானக் கால்சா கல்லூரியை எழுப்பினார்கள். பொத்தார் வணிகக் கல்லூரி 1941-இல். நாடு பிரிந்து சிந்தி மக்கள் வந்தபின் ஜெய்ஹிந்த் (1948), கே.சி. (1954), செம்பூரில் 1962-இல் ஹஷு அத்வானி தொடங்கிய விவேகானந்தர் கல்விக் கழகம் என வரிசையாக வந்தன. அண்ணல் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946-இல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். தம்மை உள்ளே விட்ட வாசலுக்கு நன்றி சொன்னதோடு நிற்காமல், இன்னொரு வாசலையே கட்டினார். மும்பைக் கல்வி வரலாற்றில் என் மனத்துக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு முதலில் முற்றியது நம் சென்னையில். அங்கே வகுப்புவாரி அரசாணைப்படி பதினான்கு இடங்களைப் பங்கிட்டார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. சண்பகம் துரைராஜன், சி.ஆர். சீனிவாசன் என்ற இருவர் வழக்குப் போட்டனர். ஒருவருக்கு மருத்துவக் கல்லூரி, மற்றவருக்குப் பொறியியல். என் மதிப்பெண்ணைவிடக் குறைந்தவருக்கு இடம் கிடைக்கிறதே என்பது வாதம். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. தமிழ்நாடு கொதித்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. மாணவர் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்த்ததில் அரசியல் சட்டமே திருந்திய கதை இது.

மும்பைக்குத் திரும்புவோம். மகாராஷ்டிரத்தில் எழுபதுகளின் நடுவில் 10+2 முறை வந்து ஜூனியர் காலேஜ் பிறந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் சாவி என்றானது. அப்போதெல்லாம் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியே படிவம் வாங்கவேண்டும். ரூயா வாசலில் பட்டியல் ஒட்டினால் அப்பாக்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். 2009-இல் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை மும்பையில் இணையவழி ஆயிற்று. 2025 முதல் மாநிலம் முழுவதற்கும் அதே முறை.

இடையில் நடந்த சண்டைகள் சுவையானவை. எஸ்.எஸ்.சி. பிள்ளைகளுக்கும் ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் மதிப்பெண் ஒரே தராசில் நிற்கவில்லை. 2008-இல் அரசு பெர்சன்டைல் கணக்கைக் கொண்டுவந்தது, உயர் நீதிமன்றம் தள்ளியது. 2009-இல் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் எஸ்.எஸ்.சி.க்கே என்றது, அதையும் தள்ளியது. 2010-இல் சிறந்த ஐந்து பாடங்களை மட்டும் எண்ணலாம் என்றது. உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021-இல் கொரோனாவால் தேர்வே நடக்காமல் ஏறக்குறைய எல்லோரும் தேறிவிட, சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு என்றார்கள். ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

இவ்வளவு சண்டையும் சுமார் பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்காக என்பது குறிப்பிடத்தக்கது. மும்பைப் பெருநகரில் ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. இன்னொரு வேடிக்கை, சேவியர்ஸில் கலைப் பிரிவின் கட்-ஆஃப் அறிவியலைவிட உயர்ந்து நிற்பதுண்டு. அறிவியல் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்கு வசதியான கல்லூரிகளுக்குச் சிதறிவிடுகிறார்கள். கலையை விரும்பிப் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளோ இரண்டு மூன்று கல்லூரிகளையே முற்றுகையிடுகிறார்கள். 'ஆர்ட்ஸ் எல்லாம் மார்க் வராதவங்களுக்கு' என்று இன்னமும் பேசும் பெரியவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

இனி நமக்கு நேராக உரியதொன்று. சிறுபான்மைக் கல்லூரி தன் சமூகத்தாருக்குப் பாதி இடம்வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1991-இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கில் தீர்ப்பாயிற்று. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை வைத்தே முடிவு செய்யவேண்டும் என்று வந்தது. அதாவது திருநெல்வேலியில் பெரும்பான்மையாக இருக்கும் தமிழன் தாராவியில் சிறுபான்மை. சமணருக்கு நாடளாவிய சிறுபான்மை நிலை 2014-இல்தான் கிடைத்தது. எங்களவர் பலருக்கு அதன் பயன் இன்னும் தெரியாது, அது வேறு கதை. தமிழ் மொழிச் சிறுபான்மை இடத்தில் கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிடப் பெரும்பாலும் இறங்கியே இருக்கும். ஆள் வராத இடம் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும்.

அந்த இடத்தைக் கேட்க ஆதாரம் வேண்டும். பள்ளி விடுகைச் சான்றிதழில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. மாதுங்கா, செம்பூர் வீடுகளில் அப்பா படித்தவர், கட்டத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். தாராவியில் பல வீடுகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது எழுத்தரே நிரப்பிவிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் என் கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அம்மா, "அண்ணாச்சி, எம் பொண்ணு 86 வாங்கிருக்கா, தமிழ் கோட்டாவுல கெடைக்கும்னாவ, நீங்க ஒரு எட்டு பாருங்க" என்று சான்றிதழை நீட்டினார். தாய்மொழி என்ற இடத்தில் இந்தி என்று இருந்தது. வீட்டில் திருநெல்வேலித் தமிழ் தவிர வேறு பேச்சு கிடையாது. பள்ளியை விட்டு வெளியே வந்தபின் பதிவேட்டைத் திருத்துவது எளிதல்ல, பட்டியலுக்கோ நான்கு நாள்தான் இருந்தது. அந்தப் பெண் வேறொரு கல்லூரியில் சேர்ந்து வரலாறு படித்து முடித்துவிட்டாள். அவளுக்கு ஒரு தம்பி உண்டு. மறுவாரமே அந்த அம்மா அவன் பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி, அவன் பெயருக்கு நேரே தமிழ் என்று மாற்றி எழுதவைத்த பிறகுதான் வீடு திரும்பினார்.