மீஸானும் பொக்கிஷக் காப்பாளரும்

விஞ்ஞான ஆசிரியர் லீவில் நிற்கும் நாட்களில் தமிழ் படிப்பிக்கும் நான் அந்த வகுப்புக்குப் போவதுண்டு. ஒருநாள் அடர்த்தி, மேலுதைப்புப் பாடம். "எல்லாம் ஆக்கிமிடீஸ்தானா சேர்? எங்கட ஆக்கள் ஒண்டும் செய்யல்லியா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

அல்-பிரூனீ (973–1048) குழாய் வைத்த கூம்புப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, உலோகங்களையும் இரத்தினக் கற்களையும் அதில் இட்டு, வழிந்த நீரை நிறுத்தார். அவர் கண்ட ஒப்படர்த்திகள் பல இன்றைய பெறுமானங்களுக்கு நெருக்கமானவை.

பின்வந்த அல்-இஸ்பிஸாரீ, பொன்னின் கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் தராசொன்றைச் செய்தார். நீரில் நிறுத்தால் தூய பொன் சிறிதளவே எடை இழக்கும். வெள்ளி கலந்திருந்தால் இழப்புக் கூடும். சுல்தானின் பொக்கிஷக் காப்பாளருக்குப் பயம் பிடித்தது, தன் மோசடி வெளிவந்துவிடுமே என்று. தராசை உடைத்துப்போட்டார். அந்தக் கவலையிலேயே இஸ்பிஸாரீ மௌத்தானார் என்கிறார் வரலாற்றாசிரியர் பைஹகீ.

மர்வ் நகரில் அடிமையாக இருந்து கல்வி பெற்ற அல்-காஸினீ, ஐந்து தட்டுக்களோடு அத்தராசை மீண்டும் செய்தார். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) 'மீஸானுல் ஹிக்மா'வை எழுதினார். அந்நூலில் ஆக்கிமிடீஸின் பெயரை அவர் மறைக்கவில்லை. பிரூனீயின் பங்கையும் தனதாக்கிக் கொள்ளவில்லை.

நாமோ "எல்லாவற்றுக்கும் எங்கட ஆக்கள்தான் முதல்" என்று மேடையில் முழங்குகிறோம். நிறுவையில் மோசம் செய்யாதீர்கள் என்ற கட்டளை பொன்னுக்கு மட்டுமா, வரலாற்றுக்கும்தானே? அடுத்த முறை போனபோது அந்த மாணவனுக்கு எல்லாப் பெயர்களையும் சேர்த்தே சொன்னேன்.